ஒன்று நாற்பதிலிருந்து இரண்டு வரை

இடது கையில் நான்கு விரல்களுக்கு நகம் வெட்டியாகிவிட்டது. யோங்ரான் கட்டைவிரலைப் பிடித்தபோது அவள் கணவர் ஜோங்சு கையை உருவிக்கொண்டார்.

"வலிக்குதா?"

"கதவச் சாத்து, வூபின் அம்மா."

யோங்ரான் எழுந்து போய்ச் சாத்தினாள். மருத்துவமனையில் இரண்டு பேர் படுக்கும் அறை. பக்கத்துக் கட்டில் நேற்றிலிருந்து காலி. ஒட்டுக் கேட்க யாருமில்லை. மூன்று நாளாக மருந்து மயக்கத்தில் முனகிக்கொண்டு மட்டும் கிடந்தவர் இன்று காலையில் கண் தெளிந்து, கஞ்சி வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தார். "சில பேருக்கு இப்படி ஒரு நாள் தெளியும்" என்ற நர்ஸ், போர்வையை இழுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜோங்சுவின் பார்வை எதிர்ச் சுவரில் நின்றது. அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் பேராசிரியர் பியோ ஒட்டிவிட்டுப் போன தாள் அங்கே இருந்தது. ஒன்றின்கீழ் ஒன்றாக ஐந்து கோடுகள். ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் சின்னப் புடைப்பு. கடைசிக் கோடு இங்கே, தேஜோன் நகரத்தில் பதிவானது. அதன் புடைப்புதான் எல்லாவற்றிலும் உயரம்.

"அந்தக் கடைசிக் கோடு," என்றார். "அது வானத்துலேர்ந்து வந்தது இல்ல. அது நான்."

"சரி. கையக் குடுங்க."

"மருந்து பேசல. நான்தான் பேசறேன். உக்காரு."

உட்கார்ந்தாள்.

இருபத்திரண்டு வருடமாக அவர் செய்த வேலையை யோங்ரான் தனக்குப் புரிந்த அளவில் வைத்திருந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு அது போதுமாக இருந்தது. எங்கோ எண்ணிப் பார்க்க முடியாத தூரத்தில் இரண்டு செத்த நட்சத்திரங்கள் மோதிக்கொள்கின்றன. அந்த அதிர்ச்சி முதலில் வந்து சேரும். அதைப் பிடிக்கப் பெரிய பெரிய கூடங்கள் இருக்கின்றன. அதற்குச் சில மணி நேரம் பிந்தி, இதுவரை யாரும் கண்டிராத, பெயர்கூட நிலைக்காத ஒரு புலம் பூமியைக் கடந்துபோகலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அதைப் பிடிக்கத்தான் கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குமிழ். உள்ளே துளி உலோக ஆவி. அதன் அணுக்கள் லேசர் வெளிச்சத்தில் பம்பரம்போலச் சுற்றும். அந்தப் புலம் தொட்டால் பம்பரங்கள் மயிரிழை சாயும். ஆனால் தெருவில் லாரி போனாலும் சாயும், பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடினாலும் சாயும். அதனால்தான் குமிழைச் சுற்றி ஐந்தடுக்கு உலோகக் கவசம். அதனால்தான் போலந்தில் ஒன்று, ஜெர்மனியில் ஒன்று, அமெரிக்காவில் இரண்டு, இங்கே ஒன்று. எல்லாம் வரிசையாகச் சாய்ந்தால் வானத்துச் சங்கதி. ஒன்று மட்டும் சாய்ந்தால் உள்ளூர்ச் சங்கதி.

இங்கே அந்தக் கவசத்தைச் செய்தவர் ஜோங்சு. விஞ்ஞானி இல்லை, எந்தப் படிவத்திலும் 'தொழில்நுட்ப உதவியாளர்' என்றுதான் எழுதுவார். கவசத்தின்மேல் கையை வைத்த மாணவர்களைப் பார்த்து அவர் கத்திய கத்தல் ஆய்வுக்கூடத்தில் பிரசித்தம். அந்த உலோகம் லேசான அழுத்தத்தைக்கூடத் தாங்காது. உள்ளே கணக்கு மாறிவிடும்.

"ஏப்ரல் ஒம்பது விடியக்காலையில சேதி வந்துச்சு, மோதல் நடந்திருக்குன்னு. ரெண்டு நாளைக்கு யாரும் உள்ள போகக் கூடாதுன்னு நானே போர்டு எழுதி மாட்டிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்னிக்குத்தான் டாக்டர் ஸ்கேனப் பாத்துட்டுச் சொன்னாரு."

"அன்னிக்கா? எங்கிட்ட பன்னெண்டாம் தேதிதான சொன்னீங்க?"

"ஆமா."

ஜன்னலுக்கு வெளியே ஜூலை மழை விடாமல் பெய்தது.

"வெளிய வந்தேன். நீ வண்டியில இருந்த. எங்க போறதுன்னு தெரியல. காலு அங்கதான் போச்சு. பின்பக்கம் ரிப்பேருக்குப் போற கதவு ஒன்னு இருக்கு. அதுல போனா யாரு வந்தா போனான்னு எங்கயும் பதியாது. சாவி எங்கிட்டதான். உள்ள போயி தரையில உக்காந்தேன். இடது தோளு கவசத்துல சாஞ்சுது. அப்புறம் நெத்தி. ஒன்னு நாப்பதுலேர்ந்து ரெண்டு வரைக்கும்."

"தெரியாம சாஞ்சிட்டீங்க. அவ்வளவுதான."

"தெரிஞ்சுதான் சாஞ்சேன். சாஞ்ச நிமிஷமே தெரியும். எந்திரிக்க முடியல."

மூச்சு வாங்கினார். அவள் தண்ணீரில் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள்.

"அதிர்வு பாக்கற கருவி இருந்திருந்தா காட்டிக் குடுத்திருக்கும். அத அந்த வாரம் ரிப்பேருக்குக் கழட்டினதும் நான்தான். மே மாசம் பியோ இந்தத் தாளக் கொண்டாந்தாரு. 'அண்ணே, உங்க கவசம் புடிச்சிருச்சுண்ணே'ன்னு அழுதாரு. நேரத்தப் பாத்தேன். வாயத் தொறக்கல. அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்புறம் அதுக்கு அடுத்த வாரம்." சுவரைப் பார்த்து, "இதப் பத்தி எழுதற கட்டுரையில, எங்க ஆய்வுக்கூடத்துல இருக்கற அந்தப் பொண்ணு சேரின் பேருதான் முதல்ல இருக்கு" என்றார்.

"இப்ப நான் போய்ச் சொல்லணுமா?"

"என்னால முடியல," என்றார் ஜோங்சு. அது பதிலா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்பதற்குள் அவர் கையை நீட்டிவிட்டார். கட்டைவிரல் நகத்தை வெட்டினாள்.

பார்சல் கிடங்கில் இரவு வேலை முடித்து மகன் வூபின் காலை ஒன்பது ஐம்பதுக்கு வந்தான். பத்தேகாலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

*

அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்திலிருந்த துக்க மண்டபத்தில் ஐந்தாம் எண் அறை கிடைத்தது. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி வெள்ளைச் சாமந்திக்கு நடுவில் வைத்தார்கள். படத்தில் ஜோங்சு யாரையோ திட்டத் தொடங்கப்போகிறவர்போல் இருந்தார். வூபின் கறுப்பு உடையில், கையில் பட்டை கட்டி, வருகிறவர்களுக்குப் பதில் வணக்கம் செய்ய நின்றான். இருபத்தாறு வயது. நிற்கத் தெரியாமல் நின்றான்.

மாலை ஆறு மணிக்குப் பேராசிரியர் பியோ வந்தார். சாம்பிராணிக் குச்சி கொளுத்தி, இரண்டு முறை தரையில் விழுந்து வணங்கி, இரண்டாவது முறை எழுந்திருக்க நேரமாயிற்று. பிறகு வூபினின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உங்கப்பா என்ன வேலை பாத்தாருன்னு உனக்குத் தெரியுமா?"

"ஸ்க்ரூ முடுக்கற வேலைன்னு சொல்வாரு."

"அப்படித்தான் சொல்வாரு. நாளைக்கு நாலு மணிக்கு அஞ்சு ஸ்டேஷன்காரங்களும் கூடி ஓட்டுப் போடறோம். இது நிஜம்னு உலகத்துக்கு அறிவிக்கறதா வேண்டாமான்னு. போட்டுருவாங்க. தேஜோன் கோடு இல்லன்னா இதுல ஒன்னுமே இல்ல. அந்தக் கோடு உங்கப்பா கவசத்தால வந்தது. கட்டுரையில அவரு பேரு இருக்கும். உதவிக்கு நன்றின்னு கடைசியில இல்ல. ஆசிரியர் வரிசையில." யோங்ரான் பக்கம் திரும்பினார். "அண்ணி, அவரு நினைவுக்குச் சமர்ப்பணம்னு முதல் பக்கத்துலயே போடச் சொல்லிட்டேன்."

யோங்ரான் தலையைக் குனிந்துகொண்டாள். துக்க வீட்டில் குனிந்த தலைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு வூபின் வேறு ஆளாக நின்றான். முதுகு நிமிர்ந்தது. வருகிறவர்கள் கேட்காமலே, "அப்பா செஞ்ச கருவிதான்" என்றான். ஜோங்சுவின் அண்ணன் அதை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனார்.

"என் தம்பி நட்சத்திரத்தோட மூச்சப் புடிச்சிருக்கான்யா!"

"அவன் மூச்சப் புடிச்சான் சரி, நீ இது எத்தனாவது பாட்டிலப் புடிச்சிருக்க?" என்றார் அவருடைய கூட்டாளி ஒருவர்.

"நோபல் பரிசு வந்தா பாத்துக்க. உன்ன வாசப்படியில விட மாட்டேன்."

"அதுக்கு மொதல்ல அவங்க உன்ன விடணுமே."

சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரிப்பு வேண்டும். அப்போதுதான் செத்தவருக்குத் தனிமை தெரியாது. யோங்ரானும் உதட்டை அசைத்தாள்.

மறுநாள் காலையிலிருந்து சேரின் ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். முப்பத்திரண்டு வயது, ஒல்லி. பெரிய பானையிலிருந்து காரமான மாட்டிறைச்சிச் சூப்பை மொண்டு கிண்ணங்களில் ஊற்றினாள். விரலில் சூடுபட்டுச் சிவந்திருந்தது.

"நீ விடும்மா. ஆளுங்க இருக்காங்க."

"சும்மா இருந்தா எதையாவது யோசிப்பேன். இதுவே மேல்." ஒரு கிண்ணம் ஊற்றினாள். "அம்மா, ஒன்னு கேக்கலாமா? மன்னிக்கணும். ஜோங்சு சார் ஏப்ரல் ஒம்பது பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

யோங்ரான் முள்ளங்கித் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். "எதுக்குக் கேக்கற?"

"போன மாசம் ஆஸ்பத்திரியில நான் அவர்கிட்ட கேட்டேன். எல்லாம் சரியா இருக்கு, ஆனா நம்ம கோடு மட்டும் கொஞ்சம் அதிகமா அழகா இருக்கு, உங்களுக்கு அப்படித் தோணலையான்னு. கண்ண மூடிக்கிட்டாரு. தூங்கிட்டாருன்னு நெனச்சேன்." கரண்டியைப் பானை விளிம்பில் தட்டினாள். "பயம்தான். எனக்கு செப்டம்பரோட வேலை முடியுது. இது வெளிவந்தா எங்கயாவது நிரந்தரமா கிடைக்கும். ஆனா என் பேரு முதல்ல இருக்கு. வந்தப்புறம் யாராவது தப்புன்னு கண்டுபுடிச்சாங்கன்னா, பியோ சாருக்கு ஓய்வு பெற ரெண்டு வருஷம்தான். எனக்கு..." தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இரண்டு மணிக்கு உடலைப் பெட்டியில் வைக்கும் சடங்கு. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் குடும்பம் நின்றது. இரண்டு பணியாளர்கள் சணல் துணியை மடித்து மடித்துக் கட்டினார்கள். முகம் மூடும் முன் உள்ளே வந்து விடைபெறச் சொன்னார்கள்.

அண்ணன் வந்தார், "முட்டாப் பயலே, எனக்கு முன்னாடி உனக்கென்ன அவசரம்" என்றார், அழுதார். வூபின் அப்பாவின் காதருகே குனிந்தான். அவனுடைய சிறுவயதிலிருந்து இருவரும் ஒரே மேசையில் பேசாமல் சாப்பிட்டவர்கள். இப்போது அவன் குரல் தெளிவாக இருந்தது.

"அப்பா. நாலு மணிக்குத்தான். உங்க பேரு வருது. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

யோங்ரான் கடைசியாகப் போனாள். கணவரின் நெற்றியில் கை வைத்தாள். சில்லிட்டிருந்தது. அவள் பேச வேண்டியது இனி அவரிடம் அல்ல.

*

மூன்று நாற்பதுக்கு பியோவும் சேரினும் அறையில் இல்லை. அடுப்படியில் கேட்டாள். மண்டபத்தில் சத்தம் என்று காரில் உட்கார்ந்து கூட்டத்தில் சேரப் போயிருக்கிறார்கள் என்றார்கள்.

"எங்கம்மா போறீங்க?" என்றான் வூபின்.

"காத்தாட."

குடை எடுக்கத் தோன்றவில்லை. மண்டபத்துச் செருப்போடு, கறுப்பு நீளப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு வரிசைக் கார்களைக் கடந்தாள். மூன்றாவது வரிசைக் கடைசியில், கோட்டுக்கு வெளியே ஒரு சக்கரத்தை விட்டுக்கொண்டு பியோவின் சாம்பல் நிறக் கார் நின்றது. ஜன்னலைத் தட்டினாள்.

"அண்ணி! என்ன ஆச்சு? உள்ள வாங்க, நனையறீங்க."

முன் இருக்கையில் ஏறினாள். பின்னால் சேரின் மடிக்கணினியை மடியில் வைத்திருந்தாள்; திரையில் சதுரம் சதுரமாக வெளிநாட்டு முகங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஒருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அவங்களுக்கு நாம பேசறது கேக்குமா?"

"கேக்காது. மைக்க மூடித்தான் வச்சிருக்கேன்," என்றாள் சேரின்.

"ஏப்ரல் ஒம்பது மத்தியானம் அவரு உள்ள இருந்தாரு."

பியோ சிரிப்பதுபோல் ஒரு சத்தம் எழுப்பினார். "இல்ல அண்ணி. அன்னிக்கு யாருமே போகல. பதிவுப் புத்தகம், கதவு, எல்லாம் பாத்தாச்சு."

"பின்கதவு."

சேரின் முன்னால் குனிந்தாள்.

"எத்தன மணிக்கு?" என்றாள்.

"ஒன்னு நாப்பதுலேர்ந்து ரெண்டு. தரையில உக்காந்து, கவசத்துல சாஞ்சிருக்காரு. முதல்ல இடது தோளு. அப்புறம் நெத்தி."

"ரெண்டு," என்றாள் சேரின், யாரிடமும் இல்லாமல். "ரெண்டு மேடு. பெருசுக்குப் பின்னால குட்டியா இன்னொன்னு. அது ஏன் வருதுன்னு மூணு வாரமா நான்..." நிறுத்திக்கொண்டாள்.

பியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஈரமே இல்லாத கண்ணாடி. "அண்ணி, அவரு எந்த மருந்துல இருந்தாருன்னு உங்களுக்குத் தெரியும். அந்த மருந்து மனுசன என்ன வேணா பேச வைக்கும்."

"அன்னிக்குத்தான் அவருக்கு நோயே தெரிஞ்சிருக்கு. போக எடம் தெரியாம அங்க போயிருக்காரு. மருந்துக்கு எப்படி சார் இதெல்லாம் தெரியும்?"

"வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

"சரி. அப்ப..." குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குத் தகனம் முடியட்டும். அடுத்த வாரம் நானே வீட்டுக்கு வர்றேன். நிதானமா உக்காந்து பேசலாம். இப்ப நீங்க இருக்கற நிலைமையில எந்த முடிவும் எடுக்க வேண்டாம்."

"நாலு மணிக்கு ஓட்டு போட்டுருவீங்கல்ல?"

பியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இருபது வருஷம் அண்ணி," என்றார். "எனக்கு மட்டும் இல்ல. அவருக்கும்தான் இருபது வருஷம். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அவரு பேரு..."

"அவரு பேர எடுத்துருங்க சார்."

கைகளைப் பாவாடை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள்.

திரையில் ஒரு பெண் முகம் சேரினின் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டது. இரங்கல்போல் இருந்தது. சேரின் நிமிர்ந்து பின்பார்வைக் கண்ணாடி வழியாக பியோவைப் பார்த்தாள். அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிறகு சேரின் ஒரு பொத்தானை அழுத்திப் பேசத் தொடங்கினாள். ஆங்கிலத்தில் 'தேஜோன்' என்ற சொல் மட்டும் யோங்ரானுக்குப் புரிந்தது. பிறகு 'சாரி.' காபி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

பியோ கதவைத் திறந்து இறங்கி, மழையில் காருக்கு முதுகு காட்டி நின்றார்.

*

அரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது. தேஜோன் கோட்டை எடுத்துவிட்டால் மற்ற நான்கில் இருந்தது எந்த நாளும் எதேச்சையாக வரக்கூடிய அசைவுதான். அறிவிப்பும் இல்லை, கட்டுரையும் இல்லை. பியோ திரும்பி மண்டபத்துக்குள் வரவில்லை. சேரின் வந்தாள். ஈரத் தலையோடு ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, மிச்ச முள்ளங்கிய எங்க வைக்கட்டும்?"

யோங்ரான் இடத்தைக் காட்டினாள்.

மகனைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போய்ச் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். வூபின் கைப்பட்டையைத் திருகிக்கொண்டே கேட்டான்.

"சும்மா இருந்திருக்கலாம்லம்மா நீங்க?"

"இருந்திருக்கலாம்."

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் அவர நெனச்சு நான்..." சுவர்ப் பக்கம் திரும்பினான். "பெட்டியில வைக்கும்போது நான் என்ன சொன்னேன்னு கேட்டீங்கல்ல? அப்பவே தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும்."

அவன் மேலே ஏறிப் போய்விட்டான். அறைக்குள் பெரியப்பா அடுத்த மேசைக்கு நோபல் பரிசைக் கொண்டுபோயிருந்தார். யாரும் அவரை நிறுத்தவில்லை.

அன்று முழுவதும், மறுநாள் காலை பெட்டி கிளம்பும்போதும், வண்டியிலும், வூபின் அம்மாவிடம் பேசவில்லை. செய்ய வேண்டியதை எல்லாம் செய்தான். படத்தை நெஞ்சோடு அணைத்து முன்னால் நடந்தான்.

எரியூட்டு நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். குடும்பத்துக்கென்று ஒரு சிறிய அறை; செருப்பைக் கழற்றிவிட்டு ஏறித் தரையில் உட்காரும்படி மேடை. சுவரில் இருந்த திரையில் ஜோங்சுவின் பெயருக்கு எதிரே 'நடைபெறுகிறது' என்று எழுதியிருந்தது. பெரியப்பா மூலையில் சாய்ந்து குறட்டை விட்டார். யாரோ வாங்கிவைத்த, கடற்பாசியில் சோற்றைச் சுருட்டி நறுக்கிய கிம்பாப் பிரிக்காமல் கிடந்தது. மழை விட்டு, வெயில் சுள்ளென்று விழுந்தது.

"எத்தன மணிக்குன்னு சொன்னீங்க?" என்றான் வூபின்.

அவள் நிமிர்ந்தாள். "ஒன்னு நாப்பதுலேர்ந்து ரெண்டு."

"தனியாவா?"

"தனியாத்தான்."

வூபின் போனை எடுத்தான். விரலால் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனான். ஜூன், மே. நிறைய நேரம் தள்ளினான். பிறகு விரல் நின்றது. அவள் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஏப்ரல் ஒன்பது. பிற்பகல் ஒன்று இருபத்திரண்டு. 'அப்பா.' சிவப்பில், எடுக்காத அழைப்பு. அதற்கு மேலே அவன் திரும்ப அழைத்ததாக எதுவும் இல்லை. இரவு வேலை பார்க்கிறவன் தூங்கும் நேரம் அது.

போனைக் கவிழ்த்து வைத்தான்.

யோங்ரான் கிம்பாபின் தாளைப் பிரித்து, ஓரத் துண்டுகளை ஒதுக்கி, நடுத் துண்டுகளை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் ஒன்றை எடுத்து வாயில் வைத்தான். மென்றுகொண்டே இருந்தான், விழுங்கவில்லை.

ஒலிபெருக்கியில் அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். வூபின் முதலில் இறங்கினான். பெரியப்பாவை எழுப்பப் போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் கீழே குந்தி உட்கார்ந்து, மேடையடியில் தாறுமாறாகக் கிடந்த அவளுடைய இரண்டு செருப்புகளையும் எடுத்து, இறங்கினால் கால் நேராக நுழையும்படி வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தான்.